ஐந்தாம் மாடியின் உப்பு

புகை உறிஞ்சி இல்லாத சமையலறை
புருவமில்லாத முகம் மாதிரி என்றார் தரகர்.
வீடு பார்க்க வருகிறவர்கள்
அடுப்புக்கு மேலேதான் முதலில் பார்ப்பார்களாம்.
பதினோரு வருடம் ஜன்னலைத் திறந்து வைத்தே மீன் வறுத்தோம்.
டான்யூப் பக்கத்துக் குளிர் உள்ளே வந்து
எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்.
இப்போது, விற்கப்போகிற நேரத்தில்,
யாரோ இருவரின் நாளைய எண்ணெய்ப் புகைக்காக
முப்பத்திரண்டாயிரம் தினார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கே வந்துவிட்டான் ஒஸ்டோயா.
வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு
பெருவிரல் எட்டிப்பார்க்கும் காலுறையோடு
ஸ்டூலில் ஏறினான்.
ரசமட்டத்தின் குமிழி இடப்பக்கம் நழுவியது.
"உங்கள் சுவர் சாய்ந்திருக்கிறது."
நெவெனா என்னைப் பார்க்கவில்லை.
நானும் அவளைப் பார்க்கவில்லை என்பதை
எப்படியோ இருவருமே பார்த்துக்கொண்டோம்.

அடுப்பிலிருந்து அறுபத்தைந்து சென்டிமீட்டர்
என்றது வழிகாட்டித் தாள்.
நெவெனா உயரமானவள்.
"தலை இடிக்குமே" என்றாள்.
பிறகு, "பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும்."

மூன்றாவது துளையில் ஓடு கீறிக்கொண்டது,
ஒரு தலைமுடி அளவு.
"இதன்மேல் இரும்பு வந்து உட்கார்ந்துவிடும்,
வாங்குகிறவருக்குத் தெரியாது" என்றான் ஒஸ்டோயா
எங்களுக்கு ஆறுதலாக.

மேலே, பழைய காற்றுத் துளையை
யாரோ அடைத்து வைத்திருந்தார்கள்.
இழுக்க இழுக்க வந்தது:
ஒற்றைக் காலுறை,
கசங்கிய செய்தித்தாள்,
அதில் ஒரு சைக்கிள் விளம்பரம்.
விலையின் பூஜ்யங்கள் வரி தாண்டி ஓடிய
அந்தப் பழைய பஞ்ச வருடத்துத் தாள்.
தீக்குச்சி கிழித்து நீட்டினான்.
சுடர் துளைக்குள் தலைவணங்கியது.
"இழுக்கிறது. ஆனால் மோட்டாரை இதில் செருகக் கூடாது,
உங்கள் பூண்டு நேரே ஐந்தாம் மாடி ஏறிவிடும்.
கரி வடிகட்டி போடலாம்.
இங்கே எடுத்த காற்றைக் கழுவி
இங்கேயே திருப்பிக் கொடுக்கும்."

அப்போதுதான் அந்த இருட்டுக் குழாய் வழியே
ஐந்தாம் மாடி பேசியது.
"உப்பு எங்கே?"
"எப்பவும் இருக்கிற இடத்தில்தான்."
ஒரு மூடி திறக்கும் சத்தம். அவ்வளவுதான்.
ட்ரிஃபுனும் ஸ்மில்யாவும்.
படிக்கட்டில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி.
கீழே மூன்று பேரும் மூச்சடக்கி நின்றோம்,
எதையோ திருடியவர்களைப் போல.

துளைக்கு ஒரு வலைமூடி. காலுறை குப்பைக்கு.
எல்லாம் முடிந்ததும்
"சோதிக்க ஒரு தாள் கொடுங்கள்" என்றான் ஒஸ்டோயா.
ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து கைக்கு வந்ததைக் கிழித்துக் கொடுத்தாள்.
விசையைத் தட்டினான்.
தாள் துள்ளிப் போய் எஃகு வலையில் ஒட்டிக்கொண்டது.
அண்ணாந்து படித்தேன், அவள் கையெழுத்து:
சிவப்புக் குடைமிளகாய் இருபது கிலோ,
வினிகர்,
ஜாடி மூடி இருபத்து நான்கு.
மூட்டை ஏற்கெனவே பால்கனியில் இருந்தது.
செப்டம்பர் வந்தால் லிமான் பேட்டையே மிளகாய் சுடும்;
யார் எங்கே போனாலும்
குளிர்காலத்துக்கு ஐவார் வேண்டும்தானே.
ஆளுக்குப் பன்னிரண்டு என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
இருபத்து நான்கை எத்தனையோ விதமாக வகுக்கலாம்.

மாலையில் முதல் தட்டு சுட்டோம்.
மூன்றாம் வேகத்தில் அது விமானம் மாதிரி இரைந்தது.
"உப்பு எங்கே?" என்று கேட்டேன்.
"என்ன?"
"உப்பு!"
"பெட்டியில் கட்டிவிட்டேன்!"
கத்திப் பேசி எத்தனை மாதம் ஆகியிருந்தது.

இரண்டாம் தட்டைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தவள்
நெற்றியை நன்றாகவே இடித்துக்கொண்டாள்.
"சொன்னேன் இல்லையா" என்றாள்,
யாரிடம் என்று தெரியாமல்.
புது எஃகின் ஓரத்தில்
அவள் நெற்றியின் எண்ணெய் அச்சு.

திங்கட்கிழமை பத்து மணிக்குத்
தரகர் ஆள் கூட்டி வருகிறார்.
துடைக்கத் துணியை எடுத்தேன்.
எடுத்து, மடித்து, மேசைமேல் வைத்தேன்.